உஷார்! இத்தாலியில் வீடு வாங்குகிறீர்களா? நொத்தாயோவிடம் கடைசியில் போகாதீர்கள்

"நமக்குள்ள எதுக்கு நொத்தாயோ? ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்குவோம். அந்தாளுக்குக் கொடுக்கிற காசுல சமையலறைக்கு டைல்ஸ் போட்டுடலாம்."

இத்தாலியில் சொத்துப் பத்திரம் எழுதும் பொது அலுவலர்தான் நொத்தாயோ. அங்கே வீடோ கடையோ வாங்கப் போகும் உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால், அவர் ஒன்றாக வேலை பார்த்தவராக இருந்தாலும், ஒரே ஊர்க்காரராக இருந்தாலும், சம்பந்தியே ஆனாலும், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலெர்மோவிலும் நாப்போலியிலும் ரெஜ்ஜோ எமிலியாவிலும் வருடக்கணக்காக உழைத்துச் சேர்த்த பணம் காணாமல் போவதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். சொல்கிறவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஏன் இவ்வளவு பதற்றம்? இத்தாலியின் சிவில் சட்டத் தொகுப்பு 1942-ஆம் ஆண்டினுடையது. வீடு, நிலம் கைமாறுவது எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது என்கிறது அதன் 1350-ஆம் பிரிவு. எழுத்து இருந்தால் போதும்தானே என்று நினைத்தால் போச்சு. இருவர் மட்டும் கையெழுத்திட்ட தாளை அங்கே ஸ்கிரித்தூரா பிரிவாத்தா என்பார்கள். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் அது செல்லும். மூன்றாம் ஆளுக்கு எதிராக நிற்காது. நிற்க வேண்டுமானால் அரசின் சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதில் ஏற்ற நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். இல்லையென்றால் நொத்தாயோ எழுதிய பத்திரமோ, கையெழுத்துகள் உண்மையென்று அவரைப் போன்ற பொது அலுவலரோ நீதிமன்றமோ உறுதிசெய்த பத்திரமோ வேண்டும். இது 2657-ஆம் பிரிவு. வீட்டு மேசையில் எழுதிய வெறும் தாளை அந்த அலுவலகம் வாங்காது.

இனி 2644-ஆம் பிரிவுக்கு வாருங்கள். ஒரே வீட்டை ஒருவர் இரண்டு பேருக்கு விற்றால், யார் முதலில் வாங்கினார் என்று அங்கே பார்ப்பதில்லை; யார் முதலில் பதிவேட்டில் ஏற்றினார் என்றுதான் பார்ப்பார்கள். ஜனவரியில் உங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு தாள் எழுதிக் கொடுத்தவர், மார்ச்சில் வேறொருவருக்கு நொத்தாயோ முன்னால் எழுதிக் கொடுத்து, அது பதிவாகிவிட்டால் வீடு அவருடையது. நீங்கள் அந்த வீட்டில் குடியிருக்கலாம், சுவருக்குச் சாயம் அடித்திருக்கலாம், கரண்டு பில் உங்கள் பெயரில் வரலாம். ஒன்றும் எடுபடாது. விற்றவர் மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். அவர் லண்டனுக்கோ கனடாவுக்கோ போய்விட்டால் அதுவும் எந்த மட்டுக்கு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விற்றவர் நல்லவர் என்றே வையுங்கள். அவருக்குக் கடன் இருந்து, கடன் கொடுத்தவர் ஜப்திக்குப் போனால்? பதிவேட்டில் வீடு இன்னும் விற்றவர் பெயரில்தான் இருக்கிறது, ஜப்தி விழும். அவர் இறந்துபோனால் பிள்ளைகள் வந்து, "அப்பா எங்களிடம் எதுவும் சொல்லவில்லையே" என்பார்கள். நாணயமானவரிடம் வாங்கியவர்கள்தான் இந்தத் தாள் வியாபாரத்தில் அதிகம் மாட்டிக்கொள்ள வாய்ப்பு. அவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை.

நொத்தாயோ என்றதும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களுக்கு நீதிமன்ற வாசலில் மேசை போட்டு, பிரமாணப் பத்திரத்தில் முத்திரை குத்தித் தருகிற நோட்டரி பப்ளிக் ஞாபகம் வரும். அந்த ஞாபகத்தை விமானம் ஏறும்போதே விட்டுவிடுவது நல்லது. ஈழத்திலிருந்து போனவர்களுக்கு விஷயம் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. அங்கே காணி உறுதி எழுதுவதே நொத்தாரிசுதான். ஆனால் இத்தாலிய நொத்தாயோ இந்த இருவரையும்விடப் பெரிய அதிகாரம் உள்ளவர். சட்டப் படிப்பு, அதற்கு மேல் 18 மாதப் பயிற்சி, அதற்கு மேல் நீதி அமைச்சகம் நடத்துகிற கடும் போட்டித் தேர்வு. தேறியவர் அரசின் பொது அலுவலர் ஆகிறார். இந்தத் தொழிலின் சட்டம் 1913-ஆம் ஆண்டினுடையது, இன்றும் அதுதான் அடிப்படை. நாடு முழுக்கச் சுமார் 5,000 பேர்தான் இருக்கிறார்கள். போலோஞ்ஞாவில் 13-ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் தொழிலுக்குப் பாடநூல் எழுதப்பட்டுவிட்டது. லியொனார்டோ டா வின்சியின் அப்பாவும் ஃப்ளாரன்சில் இந்த வேலைதான் பார்த்தார். ஆக, அந்த ஊரில் ஒருவர் மகன் நொத்தாயோ ஆகிவிட்டான் என்றால் நம் ஊரில் கலெக்டர் ஆனதற்குச் சமம்.

நொத்தாயோ எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிய பத்திரத்தில், "என் முன்னால் இன்னார் வந்தார், இதைச் சொன்னார்" என்று இருந்தால் அது முழுச் சாட்சியம். அது பொய் என்று மறுக்க வேண்டுமானால் போலி ஆவணம் என்று தனியாக ஒரு வழக்கே நடத்த வேண்டும். நமக்கு அது பலம். கவனம் தப்பினால் அதுவே நமக்கு எதிராகத் திரும்பும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு விஷயம் நம்மவர்களைக் குழப்பும். ஊரில் மூலப்பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவர் பலசாலி. பத்திரத்தை வட்டிக்கடைக்காரரிடம் கொடுத்துக் கடன் வாங்குவோம், பீரோவில் வைத்துப் பூட்டுவோம். இத்தாலியில் மூலம் நொத்தாயோவிடமே தங்கிவிடும். அவர் ஓய்வு பெற்றாலோ காலமானாலோ அரசின் நொத்தாரிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். உங்களுக்குக் கிடைப்பது சான்றிட்ட நகல். அதனால் ஒருவர் ஒரு கட்டுத் தாளை எடுத்துப்போட்டு, "இதோ ஒரிஜினல் பத்திரம், இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?" என்று கேட்டால், அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். வீடு யாருடையது, அதன் மேல் என்ன அடமானம், என்ன ஜப்தி என்பதெல்லாம் பதிவேட்டில்தான் தெரியும். வில்லங்கம் பார்ப்பது என்று நாம் சொல்வதை அங்கே விசூரா என்கிறார்கள். நொத்தாயோ வழக்கமாக 20 வருடம் பின்னோக்கிப் பார்ப்பார்; தடையில்லாமல் 20 வருடம் அனுபவித்தவர் சொத்துக்கு உரிமை கோரலாம் என்று சட்டத்தில் இருப்பதால் அந்தக் கணக்கு. கத்தாஸ்தோ என்ற நில அளவை ஆவணத்தை மட்டும் காட்டுகிறவர்களிடமும் எச்சரிக்கை தேவை. அது வரி போடுவதற்கான ஏடு, நாட்டின் பெரும்பகுதியில் உரிமைக்கு ஆதாரம் ஆகாது. ஆஸ்திரியா ஆண்ட வடகிழக்கு மூலையில், த்ரெந்தோ, பொல்சானோ, த்ரியெஸ்தே பக்கம், பழைய ஆஸ்திரிய முறைப் பதிவேடு இன்னும் நடக்கிறது. அங்கே பதிவாகும்போதுதான் வீடே கைமாறுகிறது.

இப்போது பெரிய ஆபத்துக்கு வருவோம். நொத்தாயோ இல்லாமல் வாங்கக் கூடாது என்பது பலருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மாட்டிக்கொள்கிறார்களே, எங்கே? அவரைப் பார்ப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, வீட்டுத் தரகு ஏஜென்சியின் சோபாவில்.

வீடு பிடித்துவிட்டது. ஏஜென்சிப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு அச்சடித்த படிவத்தை நீட்டுகிறாள். "இது வெறும் புக்கிங்தான், வேறு யாரும் எடுத்துவிடாமல் இருக்க." கூடவே 5,000 யூரோவுக்குக் காசோலை. அந்தப் படிவத்தின் பெயர் ப்ரொபோஸ்தா, வாங்குவதாக நீங்கள் கொடுக்கும் முன்மொழிவு. திரும்பப் பெற முடியாது என்று அதிலேயே ஒரு நாள்கெடு இருக்கும். அந்தக் கெடுவுக்குள் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டு, அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டால் ஒப்பந்தம் ஆகிவிட்டது. பெரும்பாலும் அதுவே கிரய ஒப்பந்தம். ஏஜென்சியின் தரகும் அந்தக் கணத்திலேயே பாக்கியாகிவிடும். அப்புறம் வங்கி கடன் தர மறுத்தால்? அது உங்கள் பாடு. தரகுப் பணமும் கொடுக்க வேண்டும், கொடுத்த பணமும் போகலாம்.

இதற்கு மருந்து ஒரே ஒரு வரி. வங்கிக் கடன் இன்ன தேதிக்குள் கிடைத்தால்தான் இந்த ஒப்பந்தம் நிற்கும், கிடைக்காவிட்டால் கொடுத்த பணம் முழுதும் திரும்ப வர வேண்டும், தரகும் கிடையாது என்ற நிபந்தனை. அதை எழுதச் சொல்லுங்கள். "எல்லாரும் இப்படியே கையெழுத்துப் போடுறாங்க" என்பார்கள். போடட்டும். அந்தப் படிவத்தை ஒரு படம் எடுத்து நொத்தாயோவின் அலுவலகத்துக்கு அனுப்பி, அவர் பார்த்துச் சொன்ன பிறகு வருகிறேன் என்று எழுந்து வாருங்கள். உண்மையான ஏஜென்சி ஒரு நாள் காத்திருக்கும்.

கொடுக்கிற பணத்தின் பெயரிலும் கண் வையுங்கள். கப்பார்ரா என்று எழுதியிருந்தால் அது அச்சாரம்: நீங்கள் பின்வாங்கினால் அது போச்சு, விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். வெறும் முன்பணம் என்று எழுதியிருந்தால் ஒப்பந்தம் முறிந்தால் திரும்ப வரும், ஆனால் இரட்டிப்புக் கிடையாது. பெயர் போடாமல் "5,000 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருந்தால் நாளைக்கு இரண்டு வக்கீல்கள் சம்பாதிப்பார்கள்.

அடுத்து வருவது, அதையே விரிவாக எழுதும் கொம்ப்ரொமெஸ்ஸோ எனப்படும் கிரய ஒப்பந்தம். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது, யாரும் திட்டமிட்டுச் செய்யாத ஏமாற்று. ஒப்பந்தம் போட்ட 30 நாளுக்குள் வரி அலுவலகத்தில் பதிய வேண்டும். ஏஜென்சி பதிந்து, முத்திரையிட்ட நகலைக் கையில் தரும். "ரிஜிஸ்டர் ஆயிடுச்சு" என்று நிம்மதியாகத் தூங்கப் போவோம், ஏனென்றால் ஊரில் ரிஜிஸ்டர் ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். இத்தாலியில் அந்தப் பதிவு வரிக்காக மட்டும். சொத்துப் பதிவேட்டில் ஏறுவது வேறு, அதன் பெயர் திராஸ்கிரித்சியோனே. வரிப்பதிவு மட்டும் ஆன ஒப்பந்தம் கையில் இருக்கும்போது, விற்பவர் அந்த வீட்டை இன்னொருவருக்கு எழுதலாம், அதன் மேல் அடமானம் விழலாம், ஜப்தி விழலாம். உங்களைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

ஒப்பந்தத்தையே நொத்தாயோ முன்னால் எழுதிச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றலாம், சட்டத்தின் 2645-பிஸ் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. அப்படி ஏற்றிய நாளிலிருந்து உங்களுக்கு இடம் பிடித்து வைத்த மாதிரி. பின்னால் வருகிற விற்பனையோ ஜப்தியோ உங்களை முந்த முடியாது. ஆனால் இறுதிப் பத்திரம், அதாவது ரோஜிதோ, ஒப்பந்தத்தில் சொன்ன தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள், எப்படியும் ஒப்பந்தம் பதிவேட்டில் ஏறியதிலிருந்து 3 வருடத்துக்குள் முடிந்து பதிவாக வேண்டும். செலவு கூடும்தான். பெரிய அச்சாரம் கொடுக்கிறீர்கள், ரோஜிதோ ஆறு மாதம் தள்ளி என்றால் அந்தச் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள். கட்டி முடிக்காத வீட்டைக் கட்டுநரிடம் வாங்கினால் இதில் உங்களுக்குத் தேர்வே இல்லை: 2019 மார்ச் 16-க்குப் பின் கட்டட அனுமதி கேட்ட திட்டங்களில், தனிநபர் வாங்கும் வீட்டுக்கான ஒப்பந்தமே நொத்தாயோ வழியாகத்தான் ஆக வேண்டும். கட்டுநர் உங்கள் பணத்துக்கு ஈடாக வங்கி அல்லது காப்பீட்டு நிறுவன உத்தரவாதமும் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் தவணை கேட்கிற கட்டுநரிடம் ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள்.

மொழிக்கு வருவோம். நம் வீடுகளில் எங்கேயும் நடக்கிற காட்சி இது. மருத்துவமனைக்குப் போனால் மகள் மொழிபெயர்ப்பாள், நகராட்சிக்குப் போனால் மகன். நொத்தாயோவிடமும் அதே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அங்கே அது நடக்காது. பத்திரம் இத்தாலிய மொழியில் இருக்க வேண்டும். மொழி தெரியாதவருக்கு, அவருடைய மொழி நொத்தாயோவுக்கும் தெரியாதபோது, உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்கிறது 1913-ஆம் ஆண்டுச் சட்டம். அவரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் சாட்சிக்கு உள்ள தகுதியெல்லாம் அவருக்கும் இருக்க வேண்டும்: வயது வந்தவர், இத்தாலியக் குடிமகன் அல்லது அங்கே வசிக்கும் வெளிநாட்டவர், அந்தப் பத்திரத்தில் சொந்த ஆதாயம் இல்லாதவர். கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தார் யாரும் கூடாது. விற்பவரின் உறவும் கூடாது.

இந்த விதியை ஒரு தொந்தரவாகப் பார்த்து நம்மவர்கள் செய்கிற காரியம்தான் பயங்கரம். "இத்தாலிய மொழி தெரியுமா?" என்று நொத்தாயோ கேட்கும்போது, செலவு மிச்சமாகட்டும் என்று "சி, சி, கப்பீதோ" என்று தலையாட்டிவிடுகிறார்கள். கடையில் பேசுகிற இத்தாலியன் வேறு, பத்திரத்தில் இருக்கிற இத்தாலியன் வேறு. அங்கே பிறந்தவர்களுக்கே அது பாதிதான் புரியும். பத்திரத்தைப் படித்துக் காட்டினேன், ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார் என்று அவர் எழுதிவிட்டால், முன்னே சொன்ன முழுச் சாட்சியம் இப்போது உங்கள் மேல் பாய்கிறது. மாடியறை வாங்கியதாக நினைத்திருப்போம், பத்திரத்தில் அது பொதுவான மாடியாக இருக்கும். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். அவர் அதற்காக உங்களைத் தாழ்வாக நினைக்கப் போவதில்லை. விளக்குவது அவர் கடமை. வரைவை முன்கூட்டியே கேட்டு வாங்கி, விவரம் தெரிந்த ஒருவரோடு தமிழில் வரி வரியாகப் பார்த்துவிட்டுப் போங்கள். நொத்தாயோ உங்கள் வக்கீல் அல்ல என்பதையும் மறக்காதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுநிலையாக நிற்பவர் அவர். விலை அதிகமா, வீடு உருப்படியா என்று அவர் சொல்ல மாட்டார், கேட்டாலும் சிரித்துவிட்டு விடுவார்.

உருப்படியா என்றதும் அடுத்த பள்ளம். நொத்தாயோ வீட்டைப் பார்க்க வருவதில்லை. அவர் பார்ப்பது காகிதம். வீட்டின் வரைபடமும் உள்ளே இருக்கிற அறைகளும் ஒத்துப்போகின்றன என்று விற்பவர் பத்திரத்தில் அறிவிக்க வேண்டும், 2010-இலிருந்து இது கட்டாயம். கட்டட அனுமதி எண்ணும் குறிப்பிடப்பட வேண்டும். ஆனால் அனுமதி உண்மையாக இருந்து, வீடு அதற்கு மாறாகக் கட்டப்பட்டிருந்தால்? இத்தாலியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் 8230 என்ற எண்ணுள்ள தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது: அந்த வீட்டுக்கான உண்மையான அனுமதி குறிப்பிடப்பட்டிருந்தால் பத்திரம் செல்லும், கட்டடம் அதற்கு ஒத்துப்போகாவிட்டாலும் செல்லும். அதாவது அனுமதியில்லாத பால்கனி, மூடிய வராந்தா, மொட்டை மாடியில் எழுப்பிய அறை எல்லாவற்றோடும் சேர்த்து வீடு சட்டப்படி உங்களுடையதாகிவிடும். இடிக்கச் சொல்லி நகராட்சி அனுப்பும் உத்தரவும் உங்களுக்கு வரும்.

சிசிலியிலும் தெற்கிலும் இது சின்ன விஷயம் அல்ல. 1985, 1994, 2003 என்று மூன்று முறை அரசே சட்டவிரோதக் கட்டடங்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்திருக்கிறது என்றால் எத்தனை இருந்திருக்கும் பாருங்கள். கொந்தோனோ எனப்படும் அந்த மன்னிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வராமல் கிடக்கிற கோப்புகளும் உண்டு. விற்பவர் "கொந்தோனோ போட்டிருக்கு" என்பார். போட்டது வேறு, கிடைத்தது வேறு. நகராட்சிக் கோப்பைப் பார்த்து, வீட்டை அளந்து எழுதித் தர ஒரு ஜெயோமெத்ராவை, அதாவது உரிமம் பெற்ற சர்வேயரை, உங்கள் செலவில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் கொண்டுவரும் ஆள் வேண்டாம். கையோடு அடுக்குமாடி நிர்வாகியிடம் பாக்கி இல்லை என்ற கடிதமும் வாங்குங்கள். நடப்பு ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டுப் பராமரிப்புப் பாக்கிக்கு வாங்கியவரும் சேர்ந்து பொறுப்பு.

பணம் கொடுப்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, நம்மவர்களில் கேட்டு வாங்குகிறவர் குறைவு. ரோஜிதோவில் கையெழுத்தாகும் நேரத்துக்கும் பதிவேட்டில் ஏறும் நேரத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் விற்பவர் மேல் ஜப்தி விழுந்தால் அது முந்திவிடும், பணமோ ஏற்கெனவே அவர் கையில். இதற்காக 2017-ஆம் ஆண்டின் 124-ஆம் எண் சட்டம் ஒரு வழி செய்தது: நீங்கள் கேட்டால் பணத்தை நொத்தாயோ தனிக் கணக்கில் வைத்துக்கொள்வார். பத்திரம் பதிவேட்டில் ஏறி, புதிதாக வில்லங்கம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் விற்பவருக்குப் போகும். அந்தக் கணக்கை நொத்தாயோவின் கடன்காரர்கள்கூடத் தொட முடியாது. இதற்கு விற்பவரின் சம்மதம் தேவையில்லை, ஒரு தரப்பு கேட்டாலே போதும். விற்பவர் முகம் சுளித்தால் ஏன் என்று யோசியுங்கள்.

சீட்டுப் பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சீட்டு எடுத்து, நண்பர்களிடம் கைமாற்று வாங்கி, ரொக்கமாகக் கட்டிக்கொண்டு போய் வைப்பது அங்கே நடக்காது. 2023 முதல் ரொக்கமாகக் கொடுக்கும் தொகை 5,000 யூரோவை எட்டவே கூடாது. பணம் எப்படிக் கொடுக்கப்பட்டது, எந்தக் காசோலை, எந்த வங்கிப் பரிமாற்றம், தரகு எவ்வளவு, தரகர் யார் என்று 2006-லிருந்து பத்திரத்திலேயே எழுத வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்று சந்தேகம் எழுந்தால் அரசுக்குத் தெரிவிப்பது நொத்தாயோவின் சட்டக் கடமை. உறவினர் உதவுகிறார் என்றால் வங்கி வழியாக, காரணம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். "பாதியைக் கறுப்பில் கொடு, பத்திரத்தில் குறைத்துப் போடலாம்" என்று விற்பவர் கேட்டால், கறுப்பில் கொடுத்த பாதிக்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. ஒப்பந்தம் முறிந்தால் அந்தப் பணம் கொடுக்கப்படவே இல்லை என்று ஆகிவிடும். வரித்துறை கண்டுபிடித்தால் அபராதம் வேறு.

வீட்டைவிடக் கடை வாங்குகிறவர்கள் இன்னும் அலட்சியம். மளிகைக் கடையோ உணவகமோ நடத்துகிற ஒருவர் ஊருக்குத் திரும்புகிறார், "லைசென்ஸோடு எடுத்துக்கோ" என்கிறார். சாவி கைமாறுகிறது, பணம் கைமாறுகிறது. தொழிலைக் கைமாற்றுவதற்கு நொத்தாயோ பத்திரமோ அவர் சான்றிட்ட பத்திரமோ வேண்டும், 30 நாளுக்குள் நிறுவனப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது 2556-ஆம் பிரிவு. அதுகூடப் பெரிதில்லை. 2560-ஆம் பிரிவின்படி, கணக்குப் புத்தகத்தில் உள்ள பழைய கடன்களுக்கு வாங்கியவரும் பொறுப்பு. வரிப்பாக்கிக்கும் அப்படியே, விற்ற ஆண்டுக்கும் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கும் உரிய பாக்கி, அபராதம் எல்லாம் உங்கள் கதவையும் தட்டலாம். தப்பிக்க வழி இருக்கிறது: வாங்குவதற்கு முன் வரித்துறையிடம் பாக்கிச் சான்றிதழ் கேளுங்கள். பாக்கி இல்லை என்று வந்தால் பொறுப்பு தீர்ந்தது. கேட்டு 40 நாள் ஆகியும் அவர்கள் தராவிட்டாலும் தீர்ந்தது. இந்த 40 நாளுக்குப் பொறுமையில்லாமல் சாவியை வாங்குகிறோம்.

வெளிநாட்டிலிருந்து பவர் கொடுத்து வாங்குகிறவர்களுக்கு: எந்தப் பத்திரத்துக்காகப் பவர் கொடுக்கிறீர்களோ, பவரும் அதே வடிவத்தில் இருக்க வேண்டும். சென்னையில் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் குத்தி கூரியரில் அனுப்பினால் திரும்பி வரும். வாசகத்தை முதலில் அந்த நொத்தாயோவிடமே கேட்டு வாங்குங்கள்; அப்போஸ்தில் என்ற வெளிநாட்டுப் பயன்பாட்டுச் சான்று, இத்தாலிய மொழிபெயர்ப்பு, இல்லையென்றால் இத்தாலியத் தூதரக அலுவலகத்தில் கையெழுத்து, எது செல்லும் என்று அவரே சொல்வார். எல்லா அதிகாரமும் அடங்கிய பொதுப் பவரை மச்சானுக்கே ஆனாலும் கொடுக்காதீர்கள். இந்த வீட்டை, இந்த விலைக்குள் வாங்க மட்டும் என்று எழுதுங்கள். இத்தாலியில் வசிக்காத வெளிநாட்டவர் வாங்க முடியுமா என்பதும் உங்கள் நாட்டில் இத்தாலியருக்கு அதே உரிமை உண்டா என்பதைப் பொறுத்தது, அதையும் நொத்தாயோதான் பார்க்க வேண்டும்.

ஒரு யூரோ வீடு கனவில் இருப்பவர்களுக்கு நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. சிசிலியின் முஸ்ஸொமெலி, காஞ்சி, சம்பூகா என்று வீடியோக்கள் வருகின்றன. வீடு ஒரு யூரோதான். பதிவு வரி குறைந்தபட்சமே 1,000 யூரோ, நொத்தாயோ கட்டணம் தனி, குறித்த வருடங்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் நகராட்சியில் கட்டிய வைப்புத்தொகையும் போகும். அந்தப் பழைய வீடுகளுக்கு அமெரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் பங்காளிகள் இருக்கலாம். ஒரு பங்கு விட்டுப்போனாலும் வாங்கியது முழு வீடு அல்ல.

நொத்தாயோவின் பில்லைப் பார்த்து மயங்கி விழுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தொகையில் பெரும்பங்கு அவர் கட்டணம் அல்ல, அரசுக்கு அவர் உங்களிடமிருந்து வசூலித்துக் கட்டும் வரி. தனியாரிடம் வாங்கும் முதல் வீட்டுக்கு 2 சதவீதம், மற்ற வீட்டுக்கு 9 சதவீதம். நீங்கள் கேட்டுக்கொண்டால் வீட்டு விலைக்குப் பதில் கத்தாஸ்தோவின் ஏட்டு மதிப்பின் மேல் கணக்கிடுவார்கள். ஏட்டு மதிப்பு 60,000 யூரோ என்றால் 1,200-க்கும் 5,400-க்கும் உள்ள வித்தியாசம். அந்த 2 சதவீதச் சலுகைக்கு 18 மாதத்துக்குள் அந்த ஊருக்கு வசிப்பிடத்தை மாற்ற வேண்டும். மறந்தால் வித்தியாசத் தொகை வட்டியோடும் அபராதத்தோடும் திரும்பி வரும். நொத்தாயோ கட்டணத்துக்கு நிலையான விகிதம் 2012-இலேயே போய்விட்டது. ஆகவே இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள், வரி தனியாக, கட்டணம் தனியாக.

வேறு ஒப்பந்தம் இல்லாதபோது செலவு வாங்குபவருடையது என்கிறது சட்டம். பணம் கட்டுகிற நீங்களே நொத்தாயோவைத் தேர்ந்தெடுங்கள், ஏஜென்சி கைகாட்டுகிற ஆளை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. யாரைத் தேர்ந்தாலும் தேசிய நொத்தாரிய அவையின் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ப்ரொபோஸ்தாவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவர் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்யுங்கள். வாட்ஸாப்பில் இந்தக் கட்டுரையை யாருக்காவது அனுப்புவதாக இருந்தால், இந்த வாரம் வீடு பார்க்கப் போகிறவருக்கு முதலில் அனுப்புங்கள்.